துங்கநாத் போகிறவர்கள் பனியைக் கேட்டுத் தேதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கியதும் உங்கள் ஞாயிறு இணைப்பில் சுற்றுலாப் பக்கங்கள் வரத் தொடங்கிவிட்டன. சென்ற வாரம் உத்தராகண்டின் துங்கநாத் கோயிலுக்கும் அதற்கு மேலே உள்ள சந்திரசிலா உச்சிக்கும் போகிற மலைப்பாதையைப் பற்றி அழகாக எழுதிவிட்டு, "மார்ச் முதல் ஜூன் வரை செல்லலாம்" என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திண்டுக்கல்காரி. கல்யாணமாகித் தில்லிக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. மயூர் விஹாரில் குடியிருக்கிறோம். பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஊரிலிருந்து ஹரித்வார், ரிஷிகேஷ் என்று கிளம்புகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கித்தான் போவார்கள். அதனால் மலைக்கு எப்போது போகலாம், எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டு எனக்குத்தான் போன் வரும். இந்த மாதம் மட்டும் மூன்று குடும்பம் கேட்டுவிட்டது. மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி: "மார்ச் கடைசியில பிள்ளைங்களுக்கு லீவு, சோப்தா போயிட்டு வந்துடலாமா?" துங்கநாத்துக்கு ஏறத் தொடங்குகிற இடம்தான் சோப்தா.

தில்லிப் பள்ளிகளில் ஏப்ரல் முதல் தேதி புது வகுப்பு ஆரம்பமாகிவிடும். மே நடுவில்தான் கோடை விடுமுறை. பரீட்சை முடிந்து மார்ச் கடைசி வாரத்தில் கிடைக்கிற அந்த ஏழெட்டு நாளைத்தான் எல்லோரும் மலைக்கு ஒதுக்குகிறார்கள். தில்லியில் அப்போது பங்குனி வெயில் பல்லைக் காட்டும். மின்விசிறி போட்டாகிவிடும், ரஜாய்ப் போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்தாகிவிடும். மலையிலும் குளிர் போயிருக்கும் என்று மனசு தானாக முடிவு கட்டிவிடுகிறது. நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன், 2023 மார்ச்சில்.

அதற்கு முந்தைய வருடம், 2022 மார்ச் கடைசியில், எங்கள் அடுக்ககத்துத் தோழி ஒருத்தி குடும்பத்தோடு போய்வந்து போட்டோ காட்டினாள். கல் பாவிய பாதை காய்ந்து கிடந்தது. ஓரத்தில் அங்கங்கே இரண்டு கைப்பிடி வெள்ளை. நாங்கள் அதைப் பார்த்து, அதே வாரம், அதே வழி என்று அடுத்த வருடத்துக்குத் திட்டம் போட்டோம். 2022 மார்ச் எப்படிப்பட்ட மாதம் என்பது அப்போது என் நினைவுக்கே வரவில்லை. வானிலைத் துறை கணக்கு வைக்கத் தொடங்கிய 1901-லிருந்து இந்தியாவில் அவ்வளவு சூடான மார்ச் வந்ததே இல்லை. 2023 மார்ச்சின் பிற்பாதி நேர் எதிர். மேற்கத்திய இடையூறு என்கிற மழைக்காற்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அறுவடைக்கு நின்ற கோதுமை மழையில் சாய்ந்தது. தில்லியில் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் "பஸ்சிமி விக்ஷோப்" என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிற அதே காற்றுத்தான் கீழே மழையாகவும் மேலே பனியாகவும் கொட்டும். கோதுமை சாய்ந்த செய்தியைக் காப்பி குடித்துக்கொண்டே படித்தேன். அந்த மழை துங்கநாத்தில் என்னவாக விழுந்திருக்கும் என்று யோசிக்கவில்லை.

நாங்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், மகள், கோயம்புத்தூரிலிருந்து வந்த நாத்தனார் மகன், அவனுடைய நண்பன். தில்லியிலேயே ஒரு ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டியிருந்தோம். "பனி இருக்குமா?" என்று நான் போனில் கேட்டதற்கு, "சும்மா போட்டோ எடுக்கிற அளவுக்கு இருக்கும் மேடம், கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் புல்வெளி பச்சைப் பசேலென்று இருந்தது. அது மே மாதத்துக்குப் பிறகு எடுத்த படம் என்று இப்போது பார்த்தால் எனக்கே தெரிகிறது. மார்ச்சில் அங்கே புல் பழுப்பாகத்தான் இருக்கும்.

காஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ், விடிந்தால் ரிஷிகேஷ். அங்கிருந்து ஜீப்பில் தேவப்பிரயாகை, ருத்ரபிரயாகை. மந்தாகினிக் கரையில் அகஸ்தியமுனி என்று ஓர் ஊர் வரும். பொதிகைமலை முனிவரின் பேரை அவ்வளவு தூரத்தில் பெயர்ப்பலகையில் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறினேன். ஊக்கிமட் தாண்டி சாரி என்ற கிராமத்தில் நடை ஆரம்பம். முதல் நாள் தேவரியா தால் ஏரி. இரண்டாம் நாள் காட்டு வழியே ரோகிணி புக்யால் தாண்டி ஸ்யால்மி. புக்யால் என்றால் மலை உச்சிப் புல்வெளி. மூன்றாம் நாள் சோப்தா. நான்காம் நாள் துங்கநாத்தும் சந்திரசிலாவும். முதுகில் ஆளுக்கு ஒரு ரக்சாக், டென்ட் நம்முடையது, சமையலும் நம்முடையது.

ஏரிவரை ஒரு குறையும் இல்லை. புராஸ் மரங்கள் சிவப்பாகப் பூத்திருந்தன. கொடைக்கானல் சோலைகளில் காட்டுப் பூவரசு என்பார்களே, அதே இனம். தண்ணீரில் 7,138 மீட்டர் சௌகம்பா தலைகீழாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் மதியம் பாதை ஒரு மடிப்பில் திரும்பி வடக்குப் பக்கச் சரிவுக்குப் போனதும்தான் முதல் பனி. அதுவரை வெயிலில் சட்டையைக் கழற்றும் அளவுக்கு வியர்த்தவர்கள், இருபது அடி தாண்டியதும் முழங்கால் ஆழத்தில் நின்றோம்.

வீடு வாங்கும்போது வடக்குப் பார்த்த மனையா, கிழக்குப் பார்த்ததா என்று அவ்வளவு விசாரிக்கிறோம். மலைச்சரிவு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று நான் ஒருமுறைகூட விசாரித்ததில்லை. குளிர்கால வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வருவதால் தெற்குப் பார்த்த சரிவு பிப்ரவரியிலேயே காய்ந்துவிடும். அதே உயரத்தில் வடக்குப் பார்த்த சரிவில் ஏப்ரல் கடைசிவரைகூடப் பனி கிடக்கும். ஓடை இறங்குகிற பள்ளத்தில் இன்னும் அதிக நாள், ஏனென்றால் மேலே சரிந்ததெல்லாம் அங்கேதான் சேருகிறது. ஒரே நாள் நடையில் இந்த மூன்றும் மாறிமாறி வரும். "அங்கே பனி இருக்கிறதா?" என்று கேட்டால் சரியான பதில் வராது. "எந்த மடிப்பில், எத்தனை அடி தூரத்துக்கு, எவ்வளவு சரிவில்?" என்று கேட்க வேண்டும். இது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மூன்று மணி நேரம் என்று நினைத்த தூரத்துக்கு ஆறு மணி நேரம் ஆனது. ஸ்யால்மியில் டென்ட் போடும்போது இருட்டிவிட்டது. சாதாரண பியூட்டேன் சிலிண்டர் கொண்டுபோயிருந்தோம். பூஜ்யம் டிகிரியை ஒட்டியே பியூட்டேன் ஆவியாகாமல் திரவமாகவே நின்றுவிடும், அடுப்புக்கு வாயு ஏறாது. ஸ்டவ் நீலமாக ஒரு விரல்கடை எரிந்து அணைந்தது. என் வீட்டுக்காரர் சிலிண்டரை ஸ்வெட்டருக்குள் வைத்து வயிற்றோடு அணைத்துச் சூடேற்றினார், பிறகு பற்ற வைத்தோம். ஐந்து பேருக்கு மேகி வேகப் பத்தரை மணி ஆனது. பனிப் பக்கம் போகிறவர்கள் ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த சிலிண்டர் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

நான்காம் நாள் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

சோப்தாவில் தூங்கி எழுந்து, சூடாக ஆலு பராத்தா சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கிளம்பினோம். கல் பாவிய பாதை, நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு, பெரியவர்களும் போகிற வழி. அவசரமில்லை என்று நினைத்தோம். வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறி இறங்கின நாத்தனார் மகனுக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. சாரி கிராமத்திலிருந்து எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அவர் முகம்தான் சரியில்லை. "ஆன்ட்டிஜி, ஆறு மணிக்கே போயிருக்கணும்" என்று இரண்டு முறை சொன்னார்.

பாதி தூரத்தில் படிக்கட்டுப் பாதை பனிக்குள் மறைந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் போனவர்களின் காலடித் தடம் சரிவின் குறுக்கே ஒரு கோடு மாதிரி போனது. ராத்திரி உறைந்து கண்ணாடியாக இறுகிய பனியை அங்கே பாலா என்கிறார்கள். நிழல் விழுந்த ஒரு பள்ளத்தில் ஐம்பதடி அகலத்துக்கு அந்தப் பாலா. கீழே பார்த்தால் சரிவு கண்ணுக்கெட்டிய வரை போய்ப் பாறையில் முடிந்தது. தம்பி கொண்டுவந்த சின்ன மண்வெட்டியால் ஒவ்வொரு அடியாகப் படி வெட்டினார். வெட்டும்போது தேங்காய் துருவுகிற மாதிரி சத்தம். நான் அந்தப் படிகளில் குதிகாலை ஊன்றி, மலைப்பக்கக் கையால் பனியைத் தொட்டுக்கொண்டே கடந்தேன். பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் சரிவுக்கோணம் வரைந்து காட்டுகிறேன். முப்பத்தைந்து டிகிரி என்றால் உடம்புக்கு எப்படி இருக்கும் என்பது அந்த ஐம்பதடியில்தான் தெரிந்தது.

கோயிலுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது தம்பி நின்றுவிட்டார். மணி பன்னிரண்டே கால். "பர்ஃப் கச்சி ஹோ கயீ" என்றார். பனி இளகிவிட்டதாம். குச்சியைக் குத்திக் காட்டினார், கைப்பிடிவரை இறங்கியது. இனி ஏறினால் இறங்கும்போது அந்தப் பள்ளத்துக்கு மேலே தேங்கியிருப்பது நனைந்து சரியலாம் என்றார். என் மகளுக்கு அழுகையே வந்துவிட்டது, கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. நான் திரும்பலாம் என்று சொல்லிவிட்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

இறங்கும்போது நாத்தனார் மகன் ஒரு பெரிய பாறையை ஒட்டிக் காலை வைத்தான். பாறை வெயிலில் சூடேறிச் சுற்றியுள்ள பனியை உள்ளுக்குள் கரைத்துப் பொந்தாக்கியிருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. இடது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. மேலுடம்பு முன்னால் சாய, கால் உள்ளே மாட்டிக்கொண்டது. "அத்தை, காலை எடுக்க முடியல அத்தை" என்று அவன் கூப்பிட்ட குரல் இப்போதும் காதில் இருக்கிறது. கையாலும் சாப்பாட்டுத் தட்டாலும் தோண்டி எடுக்க இருபது நிமிடம் ஆனது. எலும்பு முறியவில்லை. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து, கணுக்கால் பலாக்கொட்டை மாதிரி வீங்கிவிட்டது. அன்று ராத்திரி என் வீட்டுக்காரருக்குக் கண் திறக்க முடியவில்லை. கூலிங்கிளாஸில் ஆவி படிகிறது என்று கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். புதுப்பனி புற ஊதாக் கதிரில் நூற்றுக்கு 80 வரை திருப்பி அடிக்கும். கண்ணில் மணல் அள்ளிப் போட்டது மாதிரி இருக்கிறது என்று விடியும்வரை ஈரக் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு கிடந்தார்.

தில்லி திரும்பிய பிறகு ஒரு கணக்குப் போட்டேன். உயரம் ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். தில்லி கடல்மட்டத்திலிருந்து 215 மீட்டர், துங்கநாத் கோயில் 3,680 மீட்டர். வித்தியாசம் 22 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. தில்லியில் 35 என்றால் அங்கே 12, 13. வெயிலில் நின்றால் நமக்கு இதமாக இருக்கும், நிழலில் கிடக்கிற பனி அசையாது. ராத்திரி தில்லியில் 18 என்றால் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே. பகலில் மேல்பனி இளகும், ராத்திரி மறுபடி இறுகும். காலை ஏழு மணிக்குக் கல்லாக இருப்பது மதியம் ஒரு மணிக்குக் கூழாகிவிடும். அதனால்தான் மலைக்காரர்கள் விடியற்காலையில் கிளம்பிப் பதினொன்றுக்குள் பனியைத் தாண்டிவிடச் சொல்கிறார்கள். காலையில் இறுகிக் கிடக்கிற பாலாவில் நடக்க ஷூவின் அடியில் மாட்டுகிற மைக்ரோ ஸ்பைக் வேண்டும், பனி ஷூவுக்குள் இறங்காமலிருக்கக் கெய்ட்டர் வேண்டும். சரிவு இன்னும் செங்குத்தாக இருந்தால் ஷூவில் மாட்டுகிற நீளமான பற்களுள்ள கிராம்பானும் பனிக்கோடரியும் வேண்டும், அவற்றைப் பிடிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். அது தெரியாதவர்கள் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவதுதான் சரி. ஓடைகளுக்கும் இதே கணக்கு. காலையில் கணுக்கால் ஆழம், சாயங்காலம் பனி கரைந்து முழங்காலுக்கு மேல் ஓடும்.

இன்னொன்று என் மகள் கற்றுக்கொடுத்தது. அவள் இப்போது கல்லூரியில் புவியியல் படிக்கிறாள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் ஐந்து நாளைக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் போய்ப் படம் எடுக்கிறது. கோப்பர்நிக்கஸ் பிரவுசரில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர். சாதாரணப் படத்தில் பனியும் மேகமும் ஒன்றுபோல வெள்ளையாகத் தெரியும். குறுஅலை அகச்சிவப்புப் (SWIR) படத்துக்கு மாற்றினால் பனி நீலமாகிவிடும், மேகம் வெள்ளையாகவே நிற்கும். 2022 மார்ச் கடைசிப் படத்தையும் 2023 மார்ச் கடைசிப் படத்தையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். என் தோழி நடந்த மலையும் நான் நடந்த மலையும் வேறு வேறு. இதை முன்பே பார்த்திருந்தால் நாங்கள் டிக்கெட்டை மாற்றியிருப்போம். ஒரு குறை சொல்ல வேண்டும்: அடர்ந்த மரத்துக்கு அடியில் கிடக்கிற பனியைச் செயற்கைக்கோள் காட்டாது. ஸ்யால்மிக் காட்டில் நாங்கள் மாட்டிக்கொண்டது அப்படிப்பட்ட பனியில். அதற்கு உள்ளூர்க்காரரைத்தான் கேட்க வேண்டும். "இன்றைக்குக் காலையில் எடுத்த போட்டோ ஒன்று அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அனுப்ப மறுக்கிற ஏற்பாட்டாளருக்குப் பணம் கட்டாதீர்கள்.

சண்டிகரில் ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை ஒன்று, டி.ஜி.ஆர்.இ. என்பார்கள், பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. ருத்ரபிரயாகை, சமோலி, உத்தரகாசி என்று மாவட்ட வாரியாக ஐந்து நிலைகளில் அபாயத்தைச் சொல்வார்கள். புதுப்பனி விழுந்த அடுத்த ஓரிரு நாள்தான் மிகவும் ஆபத்து. மேற்கத்திய இடையூறு வருவதை வானிலைத் துறை சில நாள் முன்பே சொல்லிவிடும். அதனால் என் திட்டத்தில் இப்போது எப்போதும் இரண்டு நாள் உபரி இருக்கும். அந்த இரண்டு நாள் இல்லாதவர்கள் ரிட்டர்ன் டிக்கெட்டுக்குப் பயந்து பனியில் இறங்குகிறார்கள். நான் மாற்றிக்கொண்டதில் இதுதான் பெரிது.

உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் துங்கநாத்தையும் சேர்த்து ஐந்து சிவன் கோயில்களான பஞ்ச கேதாரம் என்று பக்தியோடு போகிறவர்கள். அவர்களுக்கு இதையெல்லாம்விடச் சுலபமான ஒரு வழி இருக்கிறது. துங்கநாத் சுவாமி குளிர்காலத்தில் கோயிலில் இருப்பதில்லை. கீழே மக்குமட் கிராமத்துக்கு வந்துவிடுகிறார். நடை என்றைக்குத் திறக்கும் என்பதைப் பைசாகி அன்று, நமக்குச் சித்திரைப் பிறப்பை ஒட்டி, பஞ்சாங்கம் பார்த்து அறிவிக்கிறார்கள். நாம் வீட்டில் மாங்காய்ப் பச்சடி செய்கிற நாளில் அங்கே தேதி குறிக்கிறார்கள். பெரும்பாலும் அது ஏப்ரல் கடைசி அல்லது மே. தலைமுறை தலைமுறையாக அந்தப் பனியோடு வாழ்ந்தவர்கள் சுவாமியையே அதற்கு முன்னால் மேலே கொண்டுபோவதில்லை. நாம் மட்டும் கைக்குழந்தையோடும் முழங்கால் வலிக்கிற மாமியாரோடும் மார்ச்சில் ஏறப் பார்க்கிறோம்.

2024-ல் நாங்கள் மே மாதம் நடை திறந்த பிறகு போனோம். அதே ஐந்து பேர், அதே வழிகாட்டித் தம்பி. இந்த முறை விடிகாலை நாலரைக்கே கிளம்பிவிட்டோம். கோயிலில் தரிசனம் முடித்துச் சந்திரசிலா உச்சிக்கும் போனோம். அந்த உயரத்தில் காற்றில் பிராணவாயு கீழே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவுதான், அதனால் நிதானமாக, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஏறினோம். மேலே வடக்குப் பக்கத்தில் அப்போதும் மூன்று நான்கு இடத்தில் பனி இருந்தது. நாத்தனார் மகன் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பழைய பனி வெள்ளையாக இல்லை, பாத்திரம் கழுவின சாம்பல் மாதிரி இருந்தது. மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் குழி. ஒவ்வொரு குழியின் அடியிலும் காற்றில் பறந்து வந்த ஓர் இலைத்துணுக்கோ சருகோ. கறுப்பாக இருப்பது வெயிலை வாங்கிச் சூடாகித் தன்னளவுக்கு ஒரு பள்ளம் தோண்டி இறங்கியிருக்கிறது. காதை வைத்துக் கேட்டால் அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். மேலே தாங்குகிற மாதிரி தெரிகிற ஓரத்தைத் தம்பி குச்சியால் தட்டினார், ஓடு மாதிரி உடைந்து விழுந்தது. அந்த வருடமும் நாங்கள் பனியைச் சுற்றித்தான் போனோம்.

சுற்றிப் போகும்போதும் ஒரு கவனம் வேண்டும். பனி அப்போதுதான் விலகிய புல்வெளி ஊறிப்போய்ச் சேறாக இருக்கும். அதில் பத்துப் பேர் ஷூவோடு நடந்தால் புல் வேரோடு பெயர்ந்துவிடும், அந்தக் குளிரில் மறுபடி முளைக்க வருடங்கள் ஆகும். உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-ல் புக்யால்களில் ராத்தங்கல் கூடாது என்று உத்தரவிட்டது அந்தப் புல்வெளிகளைக் காப்பாற்றத்தான். பாதை நனைந்திருந்தாலும் பாதையிலேயே நடங்கள், ஷூவைக் கழுவிக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஒரு கணுக்கால் வீங்கியதற்கான பயம் என்று யாராவது நினைக்கலாம். 2024 ஜூன் முதல் வாரத்தில் உத்தரகாசி பக்கம் சஹஸ்ர தால் போன கர்நாடகக் குழுவில் 22 பேர். நாலாயிரம் மீட்டருக்கு மேல் திடீரென்று பனிப்புயல். ஒன்பது பேர் திரும்பவில்லை. ஜூன் மாதம்! பெங்களூரில் பல தமிழ்க் குடும்பங்கள் அந்தச் செய்தியைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அங்கேயிருக்கிற என் தங்கை சொன்னாள். அதற்கு முன்னால், 2018 மார்ச்சில், எங்கள் பக்கத்து மலையான குரங்கணியில் தீ. அங்கே நெருப்பு, இங்கே பனி, காரணம் வேறு. இரண்டிலும் போனவர்கள் ஆசையாகப் போனவர்கள், நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தார்கள். வடக்கே போகிற தமிழர்களுக்கு யார் சொல்வது? அவர்கள் தேதி வைக்கும் நேரத்தில் கையில் இருப்பது உங்கள் பத்திரிகைதான்.

ஆகவே என் வேண்டுகோள். மலைப்பாதை பற்றி எழுதும்போது "மார்ச் முதல் ஜூன்" என்று எழுதாதீர்கள். மார்ச்சில் எந்த உயரத்துக்கு மேல் பனி, மே நடுவில் எங்கே பனி என்று பிரித்து எழுதுங்கள். பனியே மிதிக்காமல் மார்ச்சில் நடக்க வேண்டும் என்பவர்களுக்குத் தேவரியா தால் வரை போய்த் திரும்பலாம் என்று சொல்லுங்கள், அதுவே நிறைவான பயணம். மார்ச்சிலிருந்து ஜூன் வரை வாரம் ஒருமுறை, வானிலைக் கட்டத்துக்குப் பக்கத்தில் நாலு வரி போதும்: சோப்தா, கேதார்நாத் பாதை, மணாலி, கேதார்கண்டா, எங்கே பனி எதுவரை என்று. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் இருந்து ஐம்பது அறுபது பேரை அழைத்துவருகிற யாத்திரை நடத்துநர்கள் அந்த நாலு வரியைப் பார்த்து ஒரு வாரம் தள்ளி ரயில் டிக்கெட் போட்டால்கூட எவ்வளவோ நல்லது.

இந்த வருடச் சித்திரைப் பிறப்பன்று நடை திறக்கும் தேதி அறிவித்ததும், சாரியில் உள்ள வழிகாட்டித் தம்பி எனக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். பள்ளத்தில் பனி எவ்வளவு என்று போட்டோவும் அனுப்புவார். அன்றைக்கே உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். இடமிருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், தில்லி.